கிரீடத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கு?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது பாய் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் குறைந்தது மூன்று ராயல் என்ஃபீல்டு புல்லட்டாவது இன்ஜினைத் திறந்துபோட்டபடி நிற்கும். போன மாதம் என் பழைய வண்டிக்கு கிளட்ச் பிளேட் மாற்றப் போயிருந்தேன். பக்கத்து வண்டிக்காரப் பையன், கல்லூரி முடித்து ஒரு வருடம் இருக்கும், கூட வந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "இந்தக் கம்பெனி மொதல்ல துப்பாக்கிதான் மச்சி செஞ்சிட்டிருந்துச்சு. போலீஸ்காரங்க வெச்சிருந்தாங்களே 303, அது இவங்களுதுதான். பேரே என்ஃபீல்டு ரைஃபிள்."

பாய் ஸ்பேனரைத் திருகிக்கொண்டே தலையாட்டினார். லேபர் சார்ஜைத் தவிர வேறு எதற்கும் அவர் வாடிக்கையாளரிடம் வாதாடுவதில்லை. நானும் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

என்ஃபீல்டு என்பது கம்பெனி இல்லை, ஊர். லண்டனுக்கு வடக்கே இருக்கிறது. அங்கே 1816-லிருந்து பிரிட்டிஷ் அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை நடந்தது. புல்லட் கம்பெனி பிறந்த ரெடிட்ச் வேறு ஊர், பர்மிங்ஹாம் பக்கம், ஊசி செய்வதில் பேர்போனது. அங்கே சைக்கிள் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவருக்கு 1890-களின் தொடக்கத்தில் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு நுட்பமான பாகங்கள் செய்துதரும் ஆர்டர் கிடைத்தது. அந்தப் பெருமையில் சைக்கிளுக்கு என்ஃபீல்டு என்று பேர் வைத்தார்கள், 1893-ல் முன்னால் ராயலும் ஒட்டிக்கொண்டது. 'துப்பாக்கி போலச் செய்தது' என்று விளம்பர வாசகமும் வந்தது. அதோடு போட்ட படம் என்னவோ பீரங்கி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆகி, திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. ரெடிட்சில் கடையைக் கட்டிவிட்டார்கள். 1988-ல் துப்பாக்கித் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். அந்த ஊர்ப் பேரை இன்றைக்கும் வண்டி டேங்கில் எழுதிக்கொண்டிருப்பது நாம்தான்.

"அப்ப துப்பாக்கியே செய்யலையாண்ணா?" பையன் முகம் சுருங்கிவிட்டது.

"துப்பாக்கிக்கு ஸ்பேர் செஞ்சாங்கப்பா."

அவனுக்கு அது போதவில்லை. ஆறுதலுக்கு பி.எஸ்.ஏ.வைப் பற்றிச் சொன்னேன். பர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழில்காரர்கள் சேர்ந்து 1861-ல் ஆரம்பித்தது அது. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்தியதுதான் முத்திரை. லட்சக்கணக்கில் 303 செய்த கம்பெனி. பி.எஸ்.ஏ. லேடிபேர்டு சைக்கிளில் டியூஷன் போன பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த மூன்று எழுத்தில் இரண்டு 'ஸ்மால் ஆர்ம்ஸ்' என்று? புல்லட்காரன் செய்ததாக நாம் நம்பும் துப்பாக்கியை அவன் செய்யவில்லை, துப்பாக்கிக்காரன் என்று யாரும் நினைக்காதவன் செய்திருக்கிறான். பெரிய எழுத்தில் இருக்கும் பேரை நம்பினால் இப்படித்தான்.

எனக்கு இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. காலடிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் அப்பா கடைசிக் கை, அதாவது பாகத்தை அளந்து பார்த்து ஓகே பஞ்ச் அடிக்கிற ஆள். வடசென்னையில் இப்படி எத்தனையோ பட்டறைகள். பெரிய கம்பெனிப் பெட்டியில் போகிற பாகம் இங்கே ஓட்டுக் கூரைக்குக் கீழே பிறந்திருக்கும். மார்பளவு உயர மேசையில் அடைகல், அதன்மேல் ஷாஃப்ட், இடது கையில் எண் பஞ்ச், வலது கையில் சின்னச் சுத்தியல். ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் எண் இரட்டையாக விழும். "இரட்டையா விழுந்தா எவனோ கை நடுங்கினவன்னு அர்த்தம்" என்பார். 6-ஐத் தலைகீழாகப் பிடித்து 9 அடித்துத் திட்டு வாங்கிய கதையை அவரே சொல்லியிருக்கிறார்.

காலடிப்பேட்டை என்ற பேருக்கே ஒரு கதை உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடிவைத்த இடம். காலட் பேட்டை நம் வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆனது. யார் காலடி என்று புராணம் சொல்லவும் ஆள் இருக்கிறார்கள். அதைப் பிறகு ஒரு நாள் பார்ப்போம்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். முதல்முதலாக 303-ஐக் கையில் எடுத்தது கல்லூரி என்.சி.சி.யில். சுடுவதற்கு .22, பரேடுக்கு 303. பரேடு துப்பாக்கியில் டி.பி. என்று அடித்திருக்கும், டிரில் மட்டும்தான், சுட முடியாது. கோத்திலிருந்து, அதாவது ஆயுத அறையிலிருந்து, எண் சொல்லி எண்ணி வாங்க வேண்டும், திரும்ப எண்ணிக் கொடுக்க வேண்டும். நடுவில் எண்ணெய்த் துணி போட்டுத் துடைக்கிற அரை மணி நேரம் எனக்குத் தேவாமிர்தம். போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தண்டு, அதன் கைப்பிடியைத் தூக்கினால் அதற்குக் கீழே, மரப் பின்கட்டை இரும்போடு சேருகிற அந்தக் கழுத்துப் பட்டையின் வலது பக்கத்தில், ஒரு குட்டிக் கல்வெட்டே இருக்கும். மேலே கிரீடம். அதற்குக் கீழே ஜி.ஆர். அதற்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று வரிகள், பாதி தேய்ந்தவை.

நான் நோட்டில் 'ஜி.ஆர். கம்பெனி' என்று எழுதிக்கொண்டேன். அப்பா பஞ்சைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பெரிதாக அடித்திருப்பது கம்பெனி பேராகத்தான் இருக்க வேண்டும். பயிற்சி கொடுத்த உஸ்தாத் தேனிப் பக்கத்து ஹவில்தார். நோட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அது ராஜா பேருடா. ஜார்ஜ் ராஜா. செஞ்சவன் யாருன்னு கிரீடத்துக்குக் கீழ பாரு."

கீழே பார்த்தேன். பி.எஸ்.ஏ.கோ. அதற்குக் கீழே 1918.

அன்றைக்குத்தான் அந்தக் கழுத்துப் பட்டையை வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கிரீடமும் ராஜா பேரும் ஆட்சிக் காலம். விக்டோரியா ராணி என்றால் வி.ஆர்., எட்வர்டு என்றால் இ.ஆர். அடுத்தது செய்த இடம்: என்ஃபீல்டு என்று முழுதாக இருந்தால் அரசாங்கத் தொழிற்சாலை, பி.எஸ்.ஏ.கோ. என்றால் பர்மிங்ஹாம், எல்.எஸ்.ஏ.கோ. என்றால் லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ், லித்கோ என்றால் ஆஸ்திரேலியா. அப்புறம் வருடம். கடைசியில் ரகம்: எஸ்.எச்.டி. எல்.இ., அதாவது குட்டை லீ-என்ஃபீல்டு. லீ என்பது அந்த போல்ட் அமைப்பை உருவாக்கிய ஜேம்ஸ் பாரிஸ் லீ. பக்கத்தில் ரோமன் மூன்று இருக்கும். அந்த மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் போர்க்காலச் சிக்கனம் என்று பொருள். முதல் உலகப்போரில் துப்பாக்கி போதவில்லை. அதனால் 1916-லிருந்து, தோட்டா ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுவதற்கு இருந்த தடுப்புத் தகடு, நெடுந்தூரம் குறிபார்க்கப் பக்கவாட்டில் இருந்த அமைப்பு இதையெல்லாம் கழற்றிவிட்டார்கள். ஒரு நட்சத்திரத்துக்குள் ஒரு போரின் அவசரம் முழுவதும் இருக்கிறது.

நம் ஊர்த் துப்பாக்கியும் உண்டு. கல்கத்தா பக்கத்தில் இச்சாப்பூர். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே செய்தவற்றில் ஜி.ஆர். இல்லை, ஜி.ஆர்.ஐ. அந்த ஐ-க்கு சக்கரவர்த்தி என்று பொருள். இங்கிலாந்துக்கு அவர் ராஜா, நமக்குச் சக்கரவர்த்தி. குடியரசான பிறகு கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது, ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இச்சாப்பூர்) என்ற எழுத்து வந்தது, துப்பாக்கி அதேதான். 1962 சீனப் போருக்குப் பிறகு இச்சாப்பூரில் அதே போல்ட் அமைப்பை வைத்து 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஒரு ரகம் செய்தார்கள். மகசின், அதாவது தோட்டா அடைக்கிற பெட்டி, சதுரமாக இருக்கும், தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கழுத்துப் பட்டையில் 2ஏ அல்லது 2ஏ1 என்று இருக்கும். பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் தோட்டா வேறு.

இன்னொரு சாதி 410 மஸ்கட். பழைய போலீஸ்காரர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், தெரியும். பார்த்தால் அசல் 303. கழுத்துப் பட்டையிலும் ஏதோ ஒரு பழைய கம்பெனி பேர், ஏதோ ஒரு பழைய வருடம். ஆனால் குழாயை உள்ளே வழித்து மழமழவென்று ஆக்கி, மகசினுக்குள் மரக்கட்டையை அடைத்து, ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுகிற காவல் துப்பாக்கியாக இச்சாப்பூரில் மாற்றினார்கள். திருடு போனாலும் ராணுவத் தோட்டா அதில் வேலை செய்யாது என்பதுதான் கணக்கு. முத்திரையை மட்டும் படித்துவிட்டு '1917 என்ஃபீல்டு' என்று சொன்னால் பாதி உண்மைதான்.

இந்தக் கணக்கு புதிதில்லை. 1853 ரக என்ஃபீல்டு, அதாவது கொழுப்புத் தடவிய தோட்டாவால் 1857-ல் கலகம் மூண்ட அதே துப்பாக்கி, குழாய்க்குள் திருகு வரி வெட்டிய ரைஃபிள். கலகம் அடங்கிய பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று அதே உருவத்தில், உள்ளே வரி இல்லாத ஒன்றைச் செய்தார்கள். குறி அவ்வளவு தூரம் போகாது. வெளியே பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது, வாய்க்குள் எட்டிப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். யாரை எவ்வளவு நம்பினார்கள் என்பதை இப்படித் துப்பாக்கியின் தொண்டைக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது கோபம் வந்தது, இன்னும் போகவில்லை.

1853 ரகத்தில் இன்னொரு கண்ணி. சுத்தி விழுகிற பக்கத்தில் இருக்கும் பூட்டுத் தகட்டில் சிலவற்றில் என்ஃபீல்டு என்று இருக்கும், சிலவற்றில் டவர் என்று இருக்கும். ஒரு அருங்காட்சியகத்தில், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், 'டவர் கம்பெனி தயாரிப்பு' என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். டவர் என்றால் லண்டன் டவர், அரசாங்கத்தின் ஆயுதக் கிடங்கு. 1764-லேயே, பூட்டுத் தகட்டில் செய்தவன் பேரைப் போடுகிற வழக்கத்தை நிறுத்திவிட்டு டவர் என்று மட்டும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். செய்தது பர்மிங்ஹாம் ஒப்பந்தக்காரர்கள். குழாய் ஒருவர், பூட்டு ஒருவர், மரம் ஒருவர். அவர்களைத் தேட வேண்டுமென்றால் பிரித்துப் பார்க்க வேண்டும். குழாயின் அடியில், பூட்டின் உள்பக்கத்தில், மரத்தின் குடைவுக்குள்தான் அவர்கள் பேர் ஒளிந்திருக்கும்.

பிரித்தால் வேறொன்றும் தெரியும். என்ஃபீல்டு தொழிற்சாலையில் 1850-களில் அமெரிக்க இயந்திரங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். அங்கே செய்த துப்பாக்கியின் திருகு எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும். பர்மிங்ஹாம்காரன் அரத்தால் கையில் ராவிப் பொருத்தியது அப்படி இல்லை, அதன் திருகு அதற்குத்தான். மாறிவிடக் கூடாது என்று திருகின் ஓரத்திலும் தகட்டிலும் ஒரே மாதிரி இரண்டு கீறு, மூன்று கீறு போட்டு வைப்பான். நம் ஆசாரி நிலைக்காலைப் பொருத்துவதற்கு முன் எதிரெதிர்க் கட்டைகளில் உளியால் கோடு கிள்ளி வைப்பாரே, அதேதான். கிரீடத்தைவிட எனக்கு இந்தக் கீறுகள்தான் பிடிக்கும். கிரீடம் ராஜாவுக்காக அடித்தது. கீறு, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து வேலையைத் தொடரப் போகிற ஒருத்தன் தனக்குத்தானே போட்டுக்கொண்டது.

எந்த முத்திரையைப் பார்த்தாலும் இதை யாருக்காக அடித்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. அகன்ற அம்புக்குறி இருந்தால் அது அரசாங்கச் சொத்து, கிடங்குக்காரனுக்குச் சொல்லுவது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் அரசாங்கம் விற்றுத் தலைமுழுகிவிட்டது என்று பொருள். குழாயில் கிரீடத்துக்குக் கீழே ஜி.பி. என்றால் லண்டனில் சோதித்தது. கூடுதல் மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, குழாய் தாங்கினால் அடிக்கிற முத்திரை அது. வாங்குகிறவன் பயப்பட வேண்டாம் என்பதற்காக. சோதித்த இடம்தானே தவிர செய்த இடம் இல்லை. சின்னக் கிரீடம், ஓர் எண், இ என்ற எழுத்து மூன்றும் சேர்ந்து பொடியாக ஒவ்வொரு பாகத்திலும் இருந்தால் அது என்ஃபீல்டு பரிசோதகர் முத்திரை. அதாவது எங்கப்பா.

கம்பெனி என்று ஒரே சொல்லில் நாம் சொன்ன அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரைதான் வடசென்னைக்காரனுக்கு நெருக்கமானது. இதய வடிவம், உள்ளே நான்காகப் பிரித்து வி, இ, ஐ, சி என்று நான்கு எழுத்துகள், தலையில் 4 மாதிரி ஒரு கொக்கி. பழைய மஸ்கட்டில் இதைப் பார்த்தால் கம்பெனிப் படையின் துப்பாக்கி என்று அர்த்தம். உண்மையில் இது பொதி முத்திரை. சரக்கு மூட்டையின் மேல் குத்துவது. காலடிப்பேட்டையில் நெய்த துணியை வண்ணாரப்பேட்டையில் வெளுத்து, மூட்டை கட்டி, படகில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பினார்களே, அந்த மூட்டைக்கு உரிய அடையாளத்தைத்தான் துப்பாக்கியிலும் அடித்தார்கள். அவர்களுக்கு இரண்டும் சரக்கு. கோட்டை அருங்காட்சியகத்துக்கு நான் போகும்போதெல்லாம் ஆயுதங்கள் இருக்கும் பக்கம் நின்று இதைத்தான் யோசிப்பேன். பஸ்ஸில் வண்ணாரப்பேட்டை தாண்டித்தானே அங்கே வந்தேன்.

1808 வாக்கில் இதயம் போய், பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம் வந்தது. அதற்கு முன்னால் பூட்டில் செய்தவர் பேரும் வருடமும் இருக்கும். சிங்கம் வந்த பிறகு மேலே சிங்கம்தான்.

போர்க்காலத்தில் வேண்டுமென்றே பேரை மறைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் வந்த, 303-ன் அடுத்த ரகமான நம்பர் 4 ரைஃபிளில் எம்47 என்று இருந்தால் அது பி.எஸ்.ஏ. எம் என்பது இங்கிலாந்தின் நடுப்பகுதி. வடக்குக்கு என், தெற்குக்கு எஸ். எதிரி கையில் துப்பாக்கி சிக்கினாலும் எந்த ஊரில் குண்டு போட வேண்டும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இவ்வளவு மறைத்தும் 1940 நவம்பர் 19 இரவு பி.எஸ்.ஏ.வின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் குண்டு விழுந்து 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜெர்மனிக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். மவுசர் துப்பாக்கியில் மவுசர் என்று இருக்காது, பி.ஒய்.எஃப். என்று மூன்று சின்ன எழுத்துகள் இருக்கும். அதே நம்பர் 4-ல் 'யு.எஸ். பிராப்பர்ட்டி' என்று அடித்திருந்தால் அமெரிக்கப் படை வைத்திருந்தது என்று முடிவு கட்டக் கூடாது. அமெரிக்காவில் சாவேஜ் கம்பெனி செய்து பிரிட்டனுக்குக் கடனாகக் கொடுத்தது. கணக்கெழுதுகிறவனுக்காக அடித்த வரி.

கைபர் கணவாய்ப் பக்கம் கையாலேயே நகல் செய்கிறவர்கள் உண்டு. வேலை நன்றாக இருக்கும், எழுத்துதான் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலம் தெரியாதவர் பார்த்து வெட்டியதால் என்ஃபீல்டில் ஓர் எழுத்து திரும்பி நிற்கும். விக்டோரியா இறந்தது 1901-ல். குட்டை லீ-என்ஃபீல்டு வந்ததே அதற்குப் பிறகுதான். அதில் வி.ஆர். இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம்.

தேய்ந்த எழுத்தை எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு: உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்குத் தெரியும், சேசிஸ் நம்பர்மேல் பென்சிலால் தேய்த்து செல்லோ டேப் ஒட்டி உரித்தெடுப்போமே, அது இங்கேயும் வேலை செய்யும். டார்ச்சை நேராக அடிக்காமல் கிட்டத்தட்ட படுக்க வைத்து அடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அப்பா விரலில் சாக்பீஸ் தூளைத் தொட்டுத் தடவுவார். 303 எல்லாம் தனியார் வைத்துக்கொள்ள முடியாத ரகம் என்பதால் என் அனுபவம் முழுக்க என்.சி.சி., அருங்காட்சியகக் கண்ணாடி, புகைப்படம், இவ்வளவுதான். பயிற்சிக்குப் பாய் கடை இருக்கிறது.

அன்றைக்கும் அப்படித்தான். இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது பையன்கள் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் வண்டி 1980-களின் புல்லட், கிளட்ச் கவரைக் கழற்றி வைத்திருந்தார் பாய். மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். கவரின் உள் விளிம்பில் சுத்தமாக மூன்று புள்ளிகள், எதிரே இன்ஜின் பக்கத்திலும் மூன்று.

"இங்க பாரு. இது கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் பஞ்ச். மூணு புள்ளின்னா மூணாவது இன்ஸ்பெக்டரா இருக்கலாம். ஒரே அடி, இரட்டை விழல பாரு. நல்ல கை."

பையன் போட்டோ எடுத்துக்கொண்டான்.

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அது நான் அடிச்சது தம்பி. இவன் மாமா வெச்சிருந்தப்போ ஒரே நேரத்துல மூணு வண்டி பிரிச்சுப் போட்டேன், கவர் மாறிடக் கூடாதுன்னு. இது மூணாவது வண்டி."